லாக்ஸ்டன்: வரப்பும் வேலியும் இல்லாத வயல்களின் ஊர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இங்கிலாந்தின் கிராமப்புறம் என்றாலே பச்சைப் புல்வெளி, அதைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் உயிர்வேலி, நடுவில் ஒரு சர்ச் என்றுதான் படங்களில் பார்க்கிறோம். அந்த வேலிகளில் பெரும்பாலானவை இருநூறு முந்நூறு வருஷத்துக்குள் நட்டவை. அதற்கு முன்னால் நிலம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் நாட்டிங்ஹாம்ஷயரில் இருக்கிற லாக்ஸ்டனுக்குப் போக வேண்டும். அந்த ஊரைப் பற்றி ஆட்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

லாக்ஸ்டன் எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், நாட்டிங்ஹாம் நகருக்கு வடகிழக்கே சுமார் 30 கி.மீ. தூரத்தில். பக்கத்தில் இருக்கும் பெரிய ஊர் நியூவார்க், அங்கிருந்து வடமேற்கே நேர்கோட்டில் 15 கி.மீ. இருக்கும். மேற்கே ஒல்லர்டன், வடகிழக்கே டக்ஸ்ஃபோர்ட். ராபின் ஹூட் கதைகளில் வரும் ஷெர்வுட் காடு ஒல்லர்டனைத் தாண்டிய பக்கம். லாக்ஸ்டனும் தென்கிழக்கே இருக்கும் மூர்ஹவுஸ் என்ற குட்டிக் குக்கிராமமும் சேர்ந்து ஒரு சிவில் பாரிஷ், நியூவார்க் அண்ட் ஷெர்வுட் மாவட்டத்துக்குள் வருகிறது.

சிவில் பாரிஷ் என்றால் என்ன? சர்ச் சம்பந்தப்பட்டதா?

ஒரு காலத்தில் சம்பந்தப்பட்டதுதான். ஒரு சர்ச், அதற்குத் தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) கட்டும் ஊர், அதுதான் பாரிஷ். 1601ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம், அந்தந்த பாரிஷ் தன் ஏழைகளைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு வரி வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னது. அதிலிருந்து பாரிஷ் மெல்ல மெல்ல ஒரு அரசாங்க அலகாகவும் ஆகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் சர்ச் பாரிஷும் வரி பாரிஷும் தனித்தனியாகப் பிரிந்தன, 1894 சட்டம் கிராமங்களுக்குத் தேர்தலில் வரும் பாரிஷ் கவுன்சிலைக் கொடுத்தது.

இன்றைக்கு இது இங்கிலாந்தில் ஆட்சியின் கடைசிப் படி. நம் ஊராட்சி மாதிரி என்று சொல்லிவிடலாம், ஆனால் அதிகாரம் அதைவிடக் குறைவு. நடைபாதை, பெஞ்சு, பஸ் நிழற்குடை, கல்லறைத் தோட்டம், தெருவிளக்கு போன்றவற்றைக் கவனிக்கலாம், புதுக் கட்டடத்துக்கு யாராவது விண்ணப்பித்தால் கருத்துச் சொல்லலாம், முடிவெடுப்பது மேலே இருப்பவர்கள். பள்ளிக்கூடம், ரோடு, குப்பை எதுவும் இவர்கள் கையில் இல்லை. செலவுக்கு மாவட்ட வரியோடு சேர்த்து ஒரு சிறு தொகை வசூலாகும். ஆள் ரொம்பக் குறைவாக இருக்கும் பாரிஷ்களில் கவுன்சில்கூடக் கிடையாது, ஊர்க்கூட்டம் போட்டு முடித்துக்கொள்வார்கள்.

நிலம் எப்படிப்பட்டது?

களிமண். சிவப்பும் பழுப்புமாக, மழை பெய்தால் காலணியைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் கல்லாகிவிடும் களிமண். இருபது கோடி வருஷங்களுக்கும் முன்னால், இந்தப் பகுதி பாலைவனச் சமவெளியாக இருந்த காலத்தில் படிந்த சேற்றுப்பாறை அது. நடுநடுவே மெல்லிய சாம்பல் பச்சை மணற்கல் அடுக்குகள் வரும், அவை இருக்கும் இடத்தில் நிலம் கொஞ்சம் மேடாக நிற்கும். மலை என்று எதுவும் இல்லை, மெதுவாக ஏறி இறங்கும் மேட்டுநிலம், பள்ளங்களில் சின்ன ஓடைகள், எல்லாம் கடைசியில் கிழக்கே ட்ரென்ட் ஆற்றுக்குத்தான் போகின்றன.

மேற்கே சில கி.மீ. போனால் மண் தலைகீழாக மாறிவிடும். ஒல்லர்டன் பக்கம் மணற்பாங்கான நிலம், தண்ணீர் நிற்காது, பயிருக்கு லாயக்கில்லை என்று விட்டதால்தான் அங்கே காடும் புதர்க்காடும் தங்கின, பிற்பாடு பெரிய பிரபுக்கள் அங்கே மாளிகையும் வேட்டைத் தோட்டமும் அமைத்தார்கள். களிமண் இருந்த கிழக்குப் பக்கம் கோதுமை விளைந்தது. லாக்ஸ்டன் விவசாய ஊரானதற்குக் காரணம் இந்த மண்தான், அங்கே மற்றதெல்லாம் இதிலிருந்து கிளம்புகிறது.

திறந்த வயல் என்கிறார்களே, அது என்ன?

லாக்ஸ்டனில் மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என்று மூன்று பெரிய வயல்கள். ஒவ்வொன்றும் நூற்றுக்கும் மேற்பட்ட ஏக்கர். உள்ளே வேலி கிடையாது, சுவர் கிடையாது, நாம் பார்த்துப் பழகிய வரப்புகூடக் கிடையாது. ஆனால் அது ஒரே ஆளின் நிலமும் அல்ல. நீள நீளமான கீற்றுகளாகப் பிரித்து ஊர் விவசாயிகள் ஆளுக்குச் சில கீற்றுகள் வைத்திருக்கிறார்கள். ஒருவருடைய கீற்று எங்கே முடிந்து அடுத்தவருடையது எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டுவது முனையில் அடித்த ஒரு மரமுளை, நடுவே உழவு சாலில் தெரியும் ஒரு கோடு, அவ்வளவுதான்.

இடைக்காலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதி முழுக்க இப்படித்தான் இருந்தது. அதில் வியப்பில்லை. லாக்ஸ்டனில் மட்டும் அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது, டிராக்டரும் கம்பைன் ஹார்வெஸ்டரும் ஓடுகிற வயலில்.

ஒருவர் நிலம் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் வசதிதானே? ஏன் சிதறிக் கிடக்கிறது?

இதற்கு ஒரே பதில் கிடையாது, வரலாற்றாசிரியர்கள் நூறு வருஷமாக இதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு விளக்கம், நல்ல மண்ணும் மட்டமான மண்ணும் எல்லோருக்கும் பங்காகக் கிடைக்க வேண்டும் என்பது. பள்ளத்து நிலம் மழை அதிகமான வருஷம் அழுகும், மேட்டு நிலம் வறண்ட வருஷம் கருகும், இரண்டிலும் கொஞ்சம் இருந்தால் யாரும் மொத்தமாக அழிய மாட்டார்கள். இன்னொரு விளக்கம் கலப்பையிலிருந்து வருகிறது. இந்தக் களிமண்ணை உழக் கனமான கலப்பை வேண்டும், அதை இழுக்க நிறைய மாடு வேண்டும், ஒரு குடியானவனிடம் அவ்வளவு இருக்காது, அதனால் பலர் சேர்ந்து ஏர் பூட்டினார்கள், அன்றன்று உழுத நிலத்தை முறை வைத்துப் பகிர்ந்துகொண்டார்கள் என்பது. கீற்று ஏன் அகலமில்லாமல் நீளமாக இருக்கிறது என்பதற்கு மட்டும் பெரிய சர்ச்சை இல்லை. அவ்வளவு மாடுகளைப் பூட்டிய கலப்பையைத் திருப்புவது பெரும்பாடு, எவ்வளவு குறைவாகத் திருப்புகிறோமோ அவ்வளவு நல்லது.

எனக்கு இரண்டுமே சரியாகப் படுகிறது. ஆரம்பித்தது கலப்பையால், நிலைத்தது பங்கு நியாயத்தால் என்று வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடப் போகிறது!

மூன்று வயல் எதற்கு?

சுழற்சிக்கு. ஒரு வயலில் இலையுதிர்காலத்தில் விதைக்கும் கோதுமை, இன்னொன்றில் வசந்தத்தில் விதைக்கும் பயிர், மூன்றாவது தரிசு. அடுத்த வருஷம் ஒரு இடம் நகரும். பழைய நாளில் தரிசில் ஊர் ஆடு மாடுகள் மேயும், சாணமே உரம். அறுவடை முடிந்த தாளடியிலும் எல்லோருடைய கால்நடைக்கும் உரிமை உண்டு. அதனால் "நான் இந்த வருஷம் தரிசு விட மாட்டேன்" என்று தனி ஒருவர் சொல்ல முடியாது, அவர் கீற்றைச் சுற்றி ஊர் மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். சேர்ந்து செய்தால்தான் உண்டு. இப்போது கால்நடை குறைந்துவிட்டது, தரிசு முறை வரும் வயலில் தீவனப் புல் போட்டுக்கொள்ள விட்டிருக்கிறார்கள், மற்றபடி சுழற்சி அப்படியே நடக்கிறது.

ஊரின் அமைப்பில் ஏதாவது விசேஷம் உண்டா?

உண்டு, ஆனால் சொல்லித்தான் கவனிக்கத் தோன்றும். பண்ணை வீடுகள் எல்லாம் ஊருக்குள்ளேயே, தெருவை ஒட்டி வரிசையாக நிற்கின்றன, பல வீடுகள் பக்கச்சுவரைத் தெருவுக்குக் காட்டியபடி. வீட்டுக்குப் பின்னால் நீண்ட கொல்லை. மற்ற இங்கிலாந்துக் கிராமங்களில் விவசாயி தன் நிலத்தின் நடுவே தனியாக வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார், ஊர்த் தெருவில் இப்போது ஓய்வு பெற்றவர்களும் நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களும்தான். லாக்ஸ்டனில் ஒருவர் நிலம் மூன்று திசையிலும் கிடக்கிறது, எங்கே போய் வீடு கட்டுவது? நடுவில் இருப்பதுதான் எல்லாவற்றுக்கும் கிட்டம். தப்பி வந்த ஆடு மாடுகளை அடைத்து வைக்கும் வட்டமான பழைய பட்டிகூட ஊருக்குள் இருக்கிறது.

ஊர் எவ்வளவு பழையது?

1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலக் கணக்கெடுப்பிலேயே இருக்கிறது. 1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வில்லியம் படையெடுத்து வந்து இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன் டோகி என்பவருடையது, பிறகு வெற்றி பெற்ற வில்லியம் அதை ஜெஃப்ரி அல்செலின் என்ற தன் ஆளுக்குக் கொடுத்தார். 22 குடியானவர்களும் அவர்களுக்கும் கீழ்ப்பட்ட 7 சிறு குடிகளும் இருந்ததாகக் கணக்கு சொல்கிறது, அடிமைகளும் இருந்தார்கள்.

ஊருக்கு வடக்கே ஒரு மண்கோட்டை இருக்கிறது. கல் எதுவும் மிஞ்சவில்லை, ஒரு பெரிய மண்மேடும் அதைச் சுற்றிய அகழி முற்றங்களும்தான், ஆனால் அந்த வட்டாரத்தில் இவ்வளவு நன்றாக மிஞ்சிய மேட்டுக்கோட்டை வேறு இல்லை. டி கா குடும்பம் அங்கே இருந்துகொண்டு ஷெர்வுட் உள்ளிட்ட அரச காடுகளை மேற்பார்வை பார்த்தது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பொறுப்பு மட்டில்டா டி கா என்ற பெண்ணிடம் இருந்தது. அவருக்குப் பின் எவரிங்ஹாம் குடும்பம் வந்தது, 1286இல் காட்டுப் பொறுப்பைப் பறிகொடுத்தது. கோட்டையின் மவுசு குறைந்துபோனது அதன் பிறகுதான். சர்ச்சில் அந்தக் குடும்பத்தாரின் கல்லறைச் சிற்பங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒரு பெண்ணின் உருவம் மட்டும் ஓக் மரத்தில் செதுக்கியது. நேரமிருந்தால் கோட்டையை விட்டாலும் அதைப் பார்த்துவிடுங்கள். சர்ச் கட்டடம் 1859-60இல் பழுது பார்த்தபோது சிறிதாக்கப்பட்டது, ஊருக்குப் பொருத்தமில்லாத பெரிய சர்ச் என்று நினைத்திருப்பார்கள் போல.

1635ஆம் ஆண்டு வரைபடம் என்று எல்லோரும் சொல்கிறார்களே?

லாக்ஸ்டனைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்கு அதுதான் காரணம். மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் அந்த வருஷம் ஊரை முழுக்க அளந்து, ஒவ்வொரு கீற்றையும் தனித்தனியாக வரைந்து, யாருடையது, எத்தனை ஏக்கர் என்று ஒரு பதிவுப் புத்தகமும் எழுதி வைத்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கீற்றுகள். வெறும் கோடுகள் மட்டுமல்ல, கீற்றுகளின் மேல் ஏர் ஓட்டுகிறவர்கள், அறுவடை செய்கிறவர்கள், வேட்டைக்குப் போகிறவர்கள், காற்றாலை என்று குட்டிக் குட்டிப் படங்களும் போட்டிருக்கிறார். மூலப்பிரதி ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

அளக்கச் சொன்னவர் அப்போதைய நிலச் சொந்தக்காரர் சர் வில்லியம் கோர்ட்டன், லண்டன் வியாபாரி. இவர் நம் பக்கத்துக் கதையிலும் வருகிறவர். கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாகக் கீழை நாடுகளில் வியாபாரம் செய்ய முதலாம் சார்லஸ் மன்னரிடம் உரிமம் வாங்கிய கூட்டத்துக்குப் பண பலம் இவர்தான், அதுவும் இதே 1635இல். அவர்களுடைய கப்பல்கள் கோவாவுக்கும் பட்கலுக்கும் வந்தன, சீனாவின் கான்டன் வரைக்கும் போயின. பார்படோஸ் தீவில் முதல் ஆங்கிலக் குடியேற்றத்துக்கும் பணம் போட்டவர் அவரே. அடுத்த வருஷமே இறந்துபோனார். சில ஆண்டுகளில் நிலம் பியர்பான்ட் குடும்பத்துக்குப் போனது, அவர்கள்தான் பிற்பாடு மான்வர்ஸ் பிரபுக்கள் ஆனார்கள்.

மற்ற இடங்களில் அழிந்த முறை இங்கே மட்டும் எப்படித் தப்பியது?

முதலில் மற்ற இடங்களில் எப்படி அழிந்தது என்று பார்க்கணும். கீற்றுகளை ஒன்றுசேர்த்து, ஆளுக்கு ஒரு கட்டமாகப் பிரித்து, வேலி போட்டுக்கொள்வதை நாடாளுமன்றம் ஊர் ஊராகத் தனித்தனிச் சட்டம் போட்டு அனுமதித்தது. 1604இலிருந்து 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள், சுமார் 68 லட்சம் ஏக்கர். விளைச்சல் கூடியது என்பது ஒரு பக்கம். பொது மேய்ச்சலை நம்பி ஒரு மாடு வைத்துப் பிழைத்தவன் கூலிக்காரன் ஆனான் என்பது இன்னொரு பக்கம்.

லாக்ஸ்டனில் அப்படி நடக்காததற்கு யாரும் கொள்கைப் பிடிப்போடு எதிர்த்து நின்றதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஊரில் இரண்டு பெரிய நிலக்காரர்கள். ஒன்று பியர்பான்ட் குடும்பம், மற்றொன்று பக்கத்து ரஃபர்டு மாளிகைக்காரர்கள். இவர்கள் நிலம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது, எதை எதற்கு மாற்றிக்கொள்வது என்பதில் இரண்டு தரப்பும் ஒத்துப்போகவில்லை, தலைமுறை தலைமுறையாக இழுத்தடித்தது. கூடவே சொந்த நிலம் வைத்திருந்த சின்னச் சின்ன ஆட்கள் வேறு. 19ஆம் நூற்றாண்டில் அந்தச் சிக்கல் ஒருவழியாகத் தீர்ந்தபோது, 1870களில் அமெரிக்கத் தானியம் வந்து குவிந்து விலை விழுந்துவிட்டது. வேலி போட, வாய்க்கால் வெட்ட, புதுப் பண்ணை வீடு கட்ட எவன் பணம் போடுவான்? சரி, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டு பிறந்தபோது இதுவே அபூர்வமாகிவிட்டது, அப்புறம் காப்பாற்ற ஆட்கள் கிளம்பினார்கள். ஆக, ஊரைக் காப்பாற்றியது முதலில் வீம்பு, பிறகு பணமின்மை, கடைசியில்தான் பாசம்.

அப்படியானால் ஆயிரம் வருஷமாக ஒன்றும் மாறவில்லையா?

மாறியிருக்கிறது, நிறையவே. சுற்றுலாப் பேச்சில் இதை அடித்துச் சொல்ல மாட்டார்கள், ஆனால் பாரிஷின் பெரும்பகுதி நிலம் எப்போதோ வேலிக்குள் போய்விட்டது, சட்டம் எதுவும் இல்லாமல் தமக்குள் பேசி முடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக. நான்காவதாகக் கிழக்கு வயல் என்று ஒன்று இருந்தது, இப்போது இல்லை. 1900களின் முதல் பத்தாண்டில் மான்வர்ஸ் பிரபு கீற்றுகளைச் சேர்த்துப் பெரிதாக்கினார், பியர்ஸ் வரைந்த ஆயிரக்கணக்கான ஒல்லிக் கீற்றுகளை இன்று தேடினால் கிடைக்காது. மிஞ்சிய திறந்த வயல்கள் எல்லாம் சேர்ந்து ஐந்நூறு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அதை மட்டும் நம்பி யாரும் குடும்பம் நடத்த முடியாது, ஒவ்வொரு விவசாயிக்கும் வேலி போட்ட நிலமும் உண்டு.

கோர்ட் லீட் என்பது என்ன?

வேலியில்லாத வயலில் நூலளவு நூலளவாக அடுத்தவன் நிலத்தில் ஏறி உழுவதை யார் கேட்பது? அதற்கான ஊர் நீதிமன்றம் இது, பழைய ஜமீன் நீதிமன்றங்களின் மிச்சம். வருஷா வருஷம் நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, விவசாயிகளில் பன்னிரண்டு பேரும் ஒரு தலைவரும் கொண்ட ஜூரி, அந்த வருஷம் கோதுமை விதைத்த வயலைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பும். டிராக்டர் இழுக்கும் டிரெய்லரில் போவார்கள். மறைந்துபோன முளைகளைப் புதிதாக அடிப்பார்கள், யாராவது வண்டிப்பாதைக்குள்ளோ புல்வெளிக்குள்ளோ கலப்பையை விட்டிருக்கிறார்களா, வாய்க்கால் தூர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு வாரம் கழித்து டவ்கோட் என்ற ஊர் மதுக்கடையில் நீதிமன்றம் கூடும், குற்றங்கள் வாசிக்கப்படும், அபராதம் விதிக்கப்படும், அடுத்த வருஷத்துக்கு ஜூரி பதவியேற்கும். அபராதம் பெரிய தொகை ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னால் பேர் வாசிக்கப்படுவது இருக்கிறதே, அதற்கு எந்தத் தொகையும் ஈடாகாது.

இது வேடிக்கைச் சடங்கும் அல்ல. 1977இல் நாட்டின் பழைய ஊர் நீதிமன்றங்களின் அதிகாரத்தையெல்லாம் ஒரு சட்டம் பறித்தபோது, வயல்களை நிர்வகிக்கும் லாக்ஸ்டன் நீதிமன்றத்துக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தார்கள்.

அப்போது பாரிஷ் கவுன்சில் எதற்கு?

இரண்டும் வேறு வேறு. கவுன்சில் ஊரில் வசிக்கும் எல்லோருக்கும், வாக்குரிமை அடிப்படையில். கோர்ட் லீட் நிலத்தோடு ஒட்டியது, வயலைத் தாண்டி அதற்கு வேலை இல்லை. பெஞ்சு உடைந்தால் கவுன்சில், முளை நகர்ந்தால் கோர்ட்.

வயல் நடுவில் உழாமல் விட்ட புல் ஏன்?

அவற்றைச் சைக் என்கிறார்கள். ஓடை ஒட்டிய பள்ளம், கலப்பை இறங்க முடியாத ஈரம், அதனால் ஒருபோதும் உழாத நிலம். அந்தப் புல் ஊருக்குப் பொது, கோடையில் வைக்கோல்புல்லுக்காக ஏலம் விடுவார்கள், பணம் உரிமையுள்ளவர்களுக்குப் பங்காகப் போகும். நூற்றாண்டுகளாக உழவும் ரசாயன உரமும் படாததால் இங்கிலாந்தில் மற்ற இடங்களில் அருகிவிட்ட புல்வெளிப் பூக்கள் இங்கே தாராளமாக இருக்கின்றன, அதற்காகவே அரசு பாதுகாப்பும் உண்டு.

நிலம் இப்போது யாருடையது?

விவசாயிகள் பெரும்பாலும் குத்தகைதாரர்கள். 1952இல் அப்போதைய மான்வர்ஸ் பிரபு, முறை அழியாமல் இருக்க வேண்டும் என்பதற்காக நிலத்தை விவசாய அமைச்சகத்துக்கு விற்றார். 1981இல் அது மன்னர் பெயரில் உள்ள நிலங்களை நிர்வகிக்கும் அமைப்பான கிரவுன் எஸ்டேட்டுக்குக் கைமாறியது. 2018இல் கிரவுன் எஸ்டேட் விற்கப்போவதாகச் சொன்னதும் ஊரில் கவலை வந்தது, யார் வாங்குவார்களோ என்று. 2020இல் வாங்கியது தோர்ஸ்பி எஸ்டேட், அதாவது அதே மான்வர்ஸ் வழியினர். அரசாங்கம் காப்பாற்றும் என்று கொடுத்ததை அரசாங்கம் விற்க, கொடுத்தவர்களின் குடும்பமே திரும்ப வாங்கிய கதை இது.

இங்கிலாந்தில் வேறு எங்கும் திறந்த வயலே இல்லையா?

இருக்கிறது. டெவனில் பிரான்டன் பெருவயல், லிங்கன்ஷயர் பக்கம் ஆக்ஸம் தீவுப் பகுதி, போர்ட்லண்டில் கொஞ்சம். அங்கெல்லாம் கீற்றுகள் மிஞ்சின. கீற்றுகள், பொதுச் சுழற்சி, அவற்றை ஆளும் நீதிமன்றம் மூன்றும் சேர்ந்து வேலை செய்வது லாக்ஸ்டனில்தான்.

அமெரிக்காவின் லெக்சிங்டனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

லாக்ஸ்டனின் பழைய எழுத்து வடிவங்களில் லெக்சிங்டனும் ஒன்று. 1775இல் அமெரிக்க விடுதலைப் போரின் முதல் சண்டை நடந்த மாசசூசெட்ஸ் ஊருக்குப் பெயர் நேராக இங்கிருந்து போனதா, அல்லது லெக்சிங்டன் பிரபு ஒருவரின் பட்டத்திலிருந்தா என்பதில் இரண்டு கருத்து உண்டு. பிரபுவின் பட்டமும் இந்த ஊரிலிருந்தே வந்தது.

சுற்றுப்புறத்தில் தொழிற்சாலை, சுரங்கம் ஏதாவது?

ஒல்லர்டனிலும் பில்ஸ்தார்ப்பிலும் 1920களில் தொடங்கிய நிலக்கரிச் சுரங்கங்கள் 1990களில் மூடப்பட்டன. தென்மேற்கே ஈக்ரிங்கில் எண்ணெய்க் கிணறுகள்! இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவிலிருந்து ஆட்களை வரவழைத்து ரகசியமாகத் தோண்டினார்கள். லாக்ஸ்டனைச் சுரங்கம் தொடவில்லை. நாஜிகள் செய்த யூத இனப்படுகொலையை நினைவுகூர 1995இல் தொடங்கிய தேசிய ஹோலோகாஸ்ட் மையமும் அருங்காட்சியகமும் லாக்ஸ்டனில்தான் இருக்கிறது, வயலைப் பார்க்க வருகிறவர்களைவிட அதற்காக வரும் பள்ளிப் பிள்ளைகள் அதிகம் என்றால் ஆச்சரியமில்லை.

போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. டவ்கோட் மதுக்கடையை ஒட்டி ஒரு சிறு பார்வையாளர் மையம் இருக்கிறது, வயல்களுக்குள் பொது நடைபாதைகள் போகின்றன. பாதையை விட்டுப் பயிரில் இறங்காதீர்கள், நாயைக் கட்டிப் பிடியுங்கள். பூக்கள் வேண்டுமானால் ஜூன், ஜூலை தொடக்கம். கீற்றுகள் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் உழவு முடிந்த இலையுதிர்காலம் நல்லது, ஆனால் அந்தக் களிமண்ணுக்கு ரப்பர் பூட்ஸ் இல்லாமல் போகக் கூடாது. ரயில் ஊருக்கு வராது, நியூவார்க்கிலோ ரெட்ஃபோர்டிலோ இறங்கி அங்கிருந்து கார் பிடிப்பதுதான் சுலபம்.